28 ஹோம் ரன் அடித்தவரை ஏன் ஒரு அணியும் எடுக்கவில்லை?

2007-ஆம் ஆண்டு ஜூலையில் பாரி பாண்ட்ஸுக்கு 43 வயது ஆனது. அந்த வயதில் பேஸ்பால் ஆட்டக்காரர்கள் பெரும்பாலும் ஓய்வுபெற்று வீட்டில் இருப்பார்கள். அவரோ அந்த ஆண்டு சான் பிரான்சிஸ்கோ ஜயன்ட்ஸ் அணிக்காக 126 ஆட்டங்களில் இறங்கி 28 ஹோம் ரன் அடித்தார். பந்தை எல்லைச் சுவருக்கு வெளியே அடிப்பதுதான் ஹோம் ரன். ஆகஸ்ட் 7 இரவு தன் 756-ஆவது ஹோம் ரன்னை அடித்து, ஹாங்க் ஆரன் முப்பது ஆண்டுகளுக்கு மேல் வைத்திருந்த சாதனையைத் தாண்டினார். சீசன் முடிந்தபோது கணக்கு 762-இல் நின்றது. இன்றுவரை அதை யாரும் தாண்டவில்லை.

அதன்பிறகு அவர் ஒரு ஆட்டம்கூட ஆடவில்லை. ஆட விருப்பமில்லாமல் போய்விடவும் இல்லை. 2007-இல் அவருடைய சம்பளம் 1 கோடியே 58 லட்சம் டாலர். 2008-இல் லீக்கின் குறைந்தபட்சச் சம்பளமான 3,90,000 டாலருக்கே ஆடத் தயார் என்று அவருடைய முகவர் ஜெஃப் போரிஸ் சொன்னார். நேற்று அணிக்குள் நுழைந்த 21 வயதுப் பையனுக்குக் கொடுக்கும் தொகை அது. மொத்தம் 30 அணிகள் இருந்தும் ஒன்றுகூட முன்வரவில்லை.

பேஸ்பாலைப் புதிதாகப் பார்க்கத் தொடங்கிய நண்பர்கள் இந்தக் கதையைக் கேட்டதும் இரண்டில் ஒரு பதிலைச் சொல்வார்கள். "வயசாகிவிட்டது, அதனால்தான்" என்பது ஒன்று. "ஊக்கமருந்து விவகாரம், அதனால்தான்" என்பது இன்னொன்று. இரண்டிலும் உண்மை உண்டு. ஆனால் தனித்தனியாக எடுத்தால் இரண்டுமே போதாது. ஏன் என்று கொஞ்சம் பொறுமையாகப் பார்ப்போம். ஓர் அணி ஓர் ஆட்டக்காரரை எப்படி எடைபோடுகிறது என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் உதாரணம் எனக்குத் தெரிந்து வேறு இல்லை.

முதலில் அவர் அப்போது எவ்வளவு நல்ல பேட்டர் என்று பார்த்துவிடலாம். பேஸ்பாலில் ஓர் அணிக்கு ஓர் ஆட்டத்தில் ஒன்பது இன்னிங்ஸ், இன்னிங்ஸுக்கு மூன்று அவுட், மொத்தம் 27 அவுட். அந்த 27 தீர்ந்தால் ஆட்டம் தீர்ந்தது. ஆகவே அவுட்டாகாமல் தளத்துக்கு, அதாவது ஓடிச் சேர வேண்டிய இடத்துக்கு, போய்ச்சேருவதுதான் பேட்டரின் முதல் வேலை. அந்தக் காலத்தில் சராசரி ஆட்டக்காரர் நூறு முறை மட்டை பிடித்தால் 33 அல்லது 34 முறை தளத்தை அடைவார். 2007-இல் பாண்ட்ஸ் நூற்றுக்கு 48 முறை அடைந்தார். பந்து வீசுபவரான பிட்சர் நான்கு பந்துகளை எல்லைக்கு வெளியே வீசிவிட்டால் பேட்டருக்கு முதல் தளம் இலவசம். இதை 'வாக்' என்பார்கள். அவருக்கு அந்த ஆண்டு கிடைத்த வாக் 132. அவற்றில் 43 வேண்டுமென்றே கொடுக்கப்பட்டவை. அதாவது, இவருக்குப் பந்து போட்டு அடி வாங்குவதைவிட ஒரு தளத்தைச் சும்மா கொடுத்துவிடலாம் என்று எதிரணிகள் 43 முறை முடிவு செய்தன.

இப்போது வயதைப் பார்ப்போம். வயதுதான் காரணம் என்றால் 2008-இல் வயதான மற்ற பேட்டர்களுக்கும் கதவு மூடியிருக்க வேண்டும். நடந்தது வேறு. அந்த ஏப்ரலில் டொரான்டோ புளூ ஜேஸ் அணி ஃபிராங்க் தாமஸை விடுவித்தது. அவருக்கு 40 வயது ஆக இன்னும் ஒரு மாதம்தான் பாக்கி. அடித்துக்கொண்டிருந்த சராசரி .167, அதாவது ஆயிரம் முயற்சிக்கு 167 வெற்றிகரமான அடி. மிக மோசம். ஆனாலும் சில நாட்களிலேயே ஓக்லண்ட் அணி அவரை எடுத்துக்கொண்டது. மே மாதம் சான் டியேகோ, 37 வயது ஜிம் எட்மண்ட்ஸை விடுவித்தது. அவருடைய சராசரி .178. அவரையும் ஒரு வாரத்துக்குள் சிகாகோ கப்ஸ் எடுத்தது. அங்கே போய் 19 ஹோம் ரன் அடித்தார். அந்த இரண்டு மாதமும் பாண்ட்ஸ் வீட்டில்தான் இருந்தார்.

தாமஸ் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். ஊக்கமருந்துக்கு எதிராக ஆரம்பத்திலிருந்தே வெளிப்படையாகப் பேசியவர் அவர். அது பற்றி முன்னாள் செனட்டர் ஜார்ஜ் மிட்செல் விசாரணை நடத்தியபோது, அப்போது ஆடிக்கொண்டிருந்தவர்களில் தாமாக முன்வந்து பேசியவரும் அவரே. .167 அடித்தாலும் அவரை அணிக்குள் கொண்டுவருவதில் எந்த நிர்வாகிக்கும் தயக்கம் வராது. மோசமாக ஆடினால் கைகுலுக்கி அனுப்பிவிடலாம். ஒருவரும் கேள்வி கேட்க மாட்டார்கள்.

சரி, அப்படியானால் ஊக்கமருந்து விவகாரம்தான் காரணமா? இங்கேதான் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

சான் பிரான்சிஸ்கோ விமான நிலையத்துக்குப் பக்கத்தில், பர்லிங்கேம் என்ற ஊரில் பால்கோ என்றொரு ஆய்வகம் இருந்தது. விக்டர் கான்டே என்பவர் நடத்தியது. சோதனையில் சிக்காத ஊக்கமருந்துகள் அங்கிருந்து விளையாட்டு வீரர்களுக்குப் போகின்றன என்று 2003-இல் அரசு சோதனை நடத்தியது. பாண்ட்ஸின் உடற்பயிற்சியாளர் கிரெக் ஆண்டர்சனும் அதில் சிக்கினார். அந்த டிசம்பரில் பாண்ட்ஸ், குற்றம் சாட்டலாமா என்று முடிவு செய்யும் கிராண்ட் ஜூரி முன் சாட்சி சொன்னார். தெரிந்து எந்த ஊக்கமருந்தும் எடுக்கவில்லை என்பது அவர் வாக்குமூலம். ஆண்டர்சன் கொடுத்தவை ஆளிவிதை எண்ணெய் என்றும் மூட்டுவலித் தைலம் என்றும் நினைத்ததாகச் சொன்னார். அந்தச் சாட்சியம் பொய் என்று அரசு கருதியது. 2007 நவம்பர் 15 அன்று, அவர் புது அணி தேடிக்கொண்டிருந்த அந்த வாரங்களில், நான்கு பொய்ச்சாட்சிக் குற்றச்சாட்டுகளும் நீதிக்கு இடையூறு செய்ததாக ஒரு குற்றச்சாட்டும் அவர்மீது பதிவாயின. நான்கே வாரத்தில் மிட்செல் அறிக்கையும் வெளியானது. அதில் 80-க்கும் மேற்பட்ட ஆட்டக்காரர்களின் பெயர்கள் இருந்தன.

அந்தப் பட்டியலில் இருந்தவர்கள் எல்லோரும் வீட்டுக்குப் போனார்களா என்றால், இல்லை. ஜேசன் ஜியாம்பியும் பால்கோ விவகாரத்தில் அடிபட்ட பெயர்தான். 2008 முழுக்க நியூயார்க் யாங்கீஸுக்கு ஆடினார். அவருடைய ஏழாண்டு ஒப்பந்தம் முடிந்ததும், 38 வயதை நெருங்கும்போது ஓக்லண்ட் அவரை எடுத்தது. கேரி ஷெஃபீல்ட் இன்னொருவர். பால்கோவில் அவர் பெயரும் உண்டு, மிட்செல் அறிக்கையிலும் உண்டு. 2009 மார்ச்சில், 40 வயதில், டெட்ராய்ட் அவரை விடுவித்தது. அப்போது அவர் கணக்கில் 499 ஹோம் ரன். நியூயார்க் மெட்ஸ் அழைத்துக்கொண்டது. அந்த ஏப்ரலிலேயே 500-ஐத் தொட்டார்.

வயதானவர்களுக்கு இடம் கிடைத்தது. ஊக்கமருந்துப் பட்டியலில் இருந்தவர்களுக்கும் கிடைத்தது. இரண்டும் சேர்ந்தவர்களுக்குக்கூடக் கிடைத்தது. அப்படியானால் பாண்ட்ஸிடம் மட்டும் என்ன வேறுபாடு?

என் பார்வையில் வேறுபாடு இதுதான்: ஜியாம்பியின் சர்ச்சை முடிந்துபோனது. அவர் ஒருவாறு ஒப்புக்கொண்டார், மன்னிப்புக் கேட்டார், செய்தித்தாள்கள் எழுத வேண்டியதை எழுதி முடித்துவிட்டன. அவரை எடுத்தால் என்ன பேச்சு வரும் என்று ஓர் அணி நிர்வாகி முன்கூட்டியே கணக்குப் போடலாம். இரண்டு நாள் தலைப்புச் செய்தி, அப்புறம் ஆட்டம். பாண்ட்ஸின் சர்ச்சையோ முடியவில்லை. மேலே வழக்கு தொங்கிக்கொண்டிருந்தது. விசாரணை எப்போது தொடங்கும் என்று தெரியாது. சீசன் நடுவில் சாட்சிகள், ஆவணங்கள், புதிய செய்திகள் எதுவும் வரலாம். கடைசியில் விசாரணை 2011 மார்ச்சில்தான் தொடங்கியது. ஆனால் 2008 வசந்தத்தில் ஓர் அணியின் பொது மேலாளருக்கு அது தெரிய வழியில்லை. அவர் மேசையில் இருந்தது எல்லை தெரியாத ஒரு தலைவலி.

அதோடு வயதைச் சேர்த்துப் பாருங்கள். 27 வயது நட்சத்திரம் சர்ச்சையில் சிக்கினால் அணி பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்துக்கொள்ளும். முதல் வருடம் கெட்ட பெயர், ஆனால் பின்னால் ஏழெட்டு வருட ஆட்டம் இருக்கிறது. 43 வயதுக்காரரிடமிருந்து கிடைக்கக்கூடியது அதிகபட்சம் ஒரு சீசன். அதுவும் அவருடைய முழங்கால் ஒத்துழைத்தால். அறுவைசிகிச்சைகள் காரணமாக 2005-இல் அவர் ஆடியது வெறும் 14 ஆட்டங்கள். பலன் இருந்தால் அது மாதக்கணக்கில் சொட்டுச்சொட்டாக வரும். கெட்ட பெயரோ கையெழுத்துப் போட்ட அன்று காலையிலேயே முழுசாக வந்து நிற்கும். சம்பளத்தைக் குறைத்ததால் இந்தக் கணக்கு ஏன் மாறவில்லை என்பதும் இதில் புரியும். அணிகள் பயந்தது சம்பளத்துக்காக இல்லையே. 3,90,000 டாலர் அவர்களுக்கு ஒரு பொருட்டே இல்லை. முகவர் குறைத்துக் கொடுத்த விலை அணிகள் கொடுக்கத் தயங்கிய விலை அன்று.

இன்னொரு விலை உண்டு, அது வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்குச் சட்டென்று தெரியாது. அப்போது ஓர் அணியின் பட்டியலில் 25 பேருக்குத்தான் இடம். அதில் பதினொன்று பன்னிரண்டு பேர் பிட்சர்கள். மிச்சம் இருக்கும் பதின்மூன்று, பதினான்கு பேரில் ஒருவர் வாரத்தில் இரண்டு நாள் ஓய்வு கேட்பார், களத்தில் ஓட மாட்டார், இரவு ஆட்டம் முடிந்து மறுநாள் பகல் ஆட்டத்துக்கு வர மாட்டார் என்றால், மற்றவர்கள்மேல் அந்தச் சுமை விழும். பாண்ட்ஸ் இளமையில் அற்புதமான ஃபீல்டர். 500 ஹோம் ரன்னும் 500 தளத் திருட்டும் (பந்து வீசப்படும்போதே அடுத்த தளத்துக்கு ஓடிச் சேருவது) ஒருசேர வைத்திருக்கும் ஒரே ஆட்டக்காரர் வரலாற்றிலேயே அவர்தான். ஆனால் 2007-இல் இடதுபுற வெளிக்களத்தில் அவர் பந்தைத் துரத்தியதைப் பார்க்கவே கஷ்டமாக இருந்தது.

ஃபீல்டிங் இல்லாமல் மட்டை பிடிக்க மட்டும் ஓர் இடம் பேஸ்பாலில் உண்டு. 'டெசிக்னேட்டட் ஹிட்டர்' என்று பெயர். 30 அணிகளும் நேஷனல், அமெரிக்கன் என்று இரண்டு லீக்குகளாகப் பிரிந்திருக்கின்றன. இன்று இரண்டு லீக்கிலும் அது இருக்கிறது. நேஷனல் லீக்குக்கு நிரந்தரமாக வந்தது 2022-இல்தான். 2008-இல் அமெரிக்கன் லீக்கின் 14 அணிகளிடம் மட்டுமே அந்த இடம் இருந்தது. ஆக 16 அணிகள் கிட்டத்தட்ட முதலிலேயே கழிந்தன. மிச்சமிருந்த 14-இல் பாஸ்டனில் டேவிட் ஆர்ட்டிஸ் இருந்தார், சிகாகோ வைட் சாக்ஸில் ஜிம் தோம், கிளீவ்லாந்தில் டிராவிஸ் ஹாஃப்னர், டெட்ராய்ட்டில் ஷெஃபீல்ட். தோற்றுக்கொண்டிருக்கும் அணிகளுக்கு 43 வயதுக்காரரால் பயனில்லை. அவர்கள் அந்த இடத்தில் ஒரு பையனை நிறுத்தித் தேற்றிக்கொள்வதே புத்திசாலித்தனம். ஜெயிக்கும் அணிகளோ நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் குழுவுக்குள் புதிய குழப்பம் வேண்டாம் என்று நினைக்கும். முப்பது அணிகள் என்று கேட்கும்போது பெரிய சந்தை போலத் தோன்றுகிறது. கழித்துக்கொண்டே வந்தால் உண்மையில் வாங்கக்கூடிய இடத்தில் இருந்தவை ஒரு கைவிரலுக்குள் அடங்கிவிடும். அந்த நாலைந்து பேரும் தயங்கினால் போதும், கதை முடிந்தது.

உடைமாற்றும் அறை விஷயமும் இருக்கிறது. பாண்ட்ஸ் சக ஆட்டக்காரர்களோடு சுலபமாகப் பழகுபவர் என்று யாரும் சொன்னதில்லை. ஜயன்ட்ஸ் அறையில் அவருக்கென்று தனி மூலை, சாய்வு நாற்காலி, தொலைக்காட்சி எல்லாம் இருந்தன. 2002-இல் சக ஆட்டக்காரர் ஜெஃப் கென்ட்டோடு, அணியினர் உட்காரும் டக்அவுட்டிலேயே, கேமரா முன் தள்ளுமுள்ளு நடந்தது. எனக்கு இதில் பெரிய ஈடுபாடு கிடையாது. அந்த ஆண்டு ஜயன்ட்ஸ், சாம்பியனைத் தீர்மானிக்கும் உலகத் தொடரின் இறுதிவரை போனது, நட்பு இல்லாமலேயே ஜெயிக்கலாம் என்பதற்கு அதுவே சாட்சி. ஆனால் வேறொரு விதத்தில் அந்த அறை முக்கியம். பாண்ட்ஸ் எந்த அணிக்குப் போனாலும் ஒவ்வொரு ஊரிலும் செய்தியாளர் கூட்டம் வரும். கேள்வி அவரிடம் மட்டும் கேட்கப்படாது. அவர் பக்கத்து லாக்கரில் சாக்ஸ் மாட்டிக்கொண்டிருக்கும் 24 வயதுப் பையனிடமும் "பாண்ட்ஸ் குற்றவாளி என்று நினைக்கிறாயா?" என்று கேட்பார்கள். வருடத்துக்கு 162 ஆட்டம் ஆடும் விளையாட்டு இது. தினமும் அந்தக் கேள்வி என்றால் எந்த மேலாளருக்கும் பயம் வரும்.

இங்கே ஒப்பந்தத்தின் பங்கையும் பார்க்க வேண்டும். அலெக்ஸ் ராட்ரிகஸ் ஊக்கமருந்துக்காக 2014 சீசன் முழுவதும் தடைசெய்யப்பட்டார். யாங்கீஸ் நிர்வாகத்தோடு உறவும் கெட்டுப்போயிருந்தது. ஆனாலும் 2015-இல் அதே அணிக்குத் திரும்பி, 40 வயதை எட்டிய அந்த ஆண்டில் 33 ஹோம் ரன் அடித்தார். காரணம் எளிது. 2017 வரை ஓடும் 27.5 கோடி டாலர் ஒப்பந்தம் அவர் கையில் இருந்தது. பேஸ்பால் ஒப்பந்தங்கள் உத்தரவாதமுள்ளவை. ஆளை அனுப்பினாலும் பணம் கொடுத்தாக வேண்டும். கொடுக்கத்தான் போகிறோம், ஆடட்டும் என்றது அணி. பாண்ட்ஸிடம் 2008-க்கு ஒப்பந்தம் இல்லை. 2007 செப்டம்பரிலேயே, அவருக்கு அடுத்த ஆண்டு இடமில்லை என்று ஜயன்ட்ஸ் சொல்லிவிட்டது. அணி 71 வெற்றி, 91 தோல்வியோடு தன் பிரிவில் கடைசி இடத்தில் இருந்தது. இளைஞர்களை வைத்துப் புதிதாகத் தொடங்க நினைத்தார்கள். ராட்ரிகஸை வைத்துக்கொள்ள யாரும் புதிதாகத் துணிச்சல் காட்டத் தேவையில்லை. பாண்ட்ஸை எடுக்க ஒருவர் எழுந்து நின்று, "நான் எடுக்கிறேன், என் பெயரில்" என்று சொல்லியாக வேண்டும். பிசகினால் அந்தப் பொது மேலாளரின் வேலை போகும். எடுக்காமல் விட்டதற்காக எவர் வேலையும் போகாது.

இப்போது கொஞ்சம் கனமான கேள்வி. முப்பது பேரும் பேசிவைத்துக்கொண்டு ஒதுக்கினார்களா?

இது வெறும் சந்தேகம் கிடையாது, பேஸ்பாலில் நடந்த வரலாறு. ஆட்டக்காரர்கள் சேர்ந்துகொண்டு பேரம் பேசக் கூடாது, அணிகளும் சேர்ந்துகொண்டு முடிவெடுக்கக் கூடாது என்று ஆட்டக்காரர் சங்கத்துக்கும் லீக்குக்கும் இடையிலான உடன்படிக்கை சொல்கிறது. அப்படியிருந்தும் 1985 முதல் 1987 வரை அணி முதலாளிகள் ஒன்றுகூடி, வேறு அணியின் ஆட்டக்காரர்களுக்கு யாரும் விலை கேட்பதில்லை என்று நடந்துகொண்டார்கள். ஆண்ட்ரே டாசன் அப்போது 32 வயது நட்சத்திரம். எந்தச் சர்ச்சையும் இல்லாதவர். எவரும் கேட்காததால் 1987-இல் சிகாகோ கப்ஸிடம் தொகை எழுதாத ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டுக் கொடுத்துவிட்டார். அணி 5 லட்சம் டாலர் என்று நிரப்பியது. அந்த ஆண்டு 49 ஹோம் ரன் அடித்து, கடைசி இடத்தில் முடிந்த அணியிலிருந்து லீக்கின் சிறந்த ஆட்டக்காரர் விருதை வாங்கினார். பின்னால் மத்தியஸ்தர்கள் இது கூட்டுச்சதிதான் என்று தீர்ப்பளித்தார்கள். 1990-இல் முதலாளிகள் 28 கோடி டாலர் கொடுத்து வழக்கை முடித்தார்கள்.

ஆகவே 2008-இல் ஆட்டக்காரர் சங்கம் பாண்ட்ஸ் விஷயத்தை விசாரித்ததில் ஆச்சரியமில்லை. ஆனால் டாசன் கதைக்கும் இதற்கும் ஒரு பெரிய வித்தியாசம். டாசனை ஒதுக்க ஓர் அணிக்குத் தனியாக ஒரு காரணமும் கிடையாது. ஆகவே எல்லோரும் ஒதுங்கியதே சாட்சியாகிவிட்டது. பாண்ட்ஸை ஒதுக்க ஒவ்வொரு அணியிடமும் சொந்தக் காரணம் இருந்தது. ஒரே தெருவில் முப்பது வீடும் மழைக்குக் கதவைச் சாத்தினால், பேசிவைத்துச் சாத்தினார்கள் என்று நிரூபிக்க முடியாது. 2015-இல் மத்தியஸ்தர் பாண்ட்ஸுக்கு எதிராகத்தான் தீர்ப்பளித்தார்.

இந்தக் கணக்குகள் எல்லாம் எனக்குப் புரிகிறது. தனியாக ஓர் அணி நிர்வாகியின் நாற்காலியில் உட்கார்ந்தால் நானும் தயங்கியிருப்பேன். ஆனாலும் மனசு ஒப்பவில்லை. 1992-இல் ஃபுளோரிடாவுக்குப் போய்விட இருந்த அணி ஜயன்ட்ஸ். புதிய முதலாளிகள் வந்து, பாண்ட்ஸை 4 கோடியே 37 லட்சம் டாலருக்கு எடுத்து, அந்த அணியை ஊரோடு கட்டிப்போட்டார்கள். 2000-இல் கடற்கரையில் புதிய அரங்கம் எழுந்தது. சுவரைத் தாண்டித் தண்ணீரில் விழும் அவருடைய ஹோம் ரன்களைப் பிடிக்கப் படகில் வந்து காத்திருந்தார்கள் ஜனங்கள். 2001-இல் அவர் 73 அடித்தபோது லீக் முழுவதும் கொண்டாடியது. அப்போது தண்டனையோடு கூடிய ஊக்கமருந்துச் சோதனையே அங்கே இல்லை. அது தொடங்கியது 2004-இல். அதைக் கொண்டுவரத் தாமதித்ததில் முதலாளிகளுக்கும் லீக் தலைமைக்கும் சங்கத்துக்கும் பங்கு உண்டு. லாபத்தில் எல்லோரும் சேர்ந்தார்கள், களங்கத்தை ஓர் ஆள் தலையில் கட்டினார்கள். அவர் நிரபராதி என்று நான் சொல்லவில்லை. தனியாக அவர் ஒருவர்தானா என்றுதான் கேட்கிறேன்.

வழக்கு கடைசியில் என்னவானது? 2011 ஏப்ரலில் ஜூரியால் எஞ்சியிருந்த மூன்று பொய்ச்சாட்சிக் குற்றச்சாட்டுகளில் ஒருமித்த முடிவுக்கு வர முடியவில்லை. நீதிக்கு இடையூறு என்ற ஒன்றில் மட்டும் குற்றவாளி என்றார்கள். ஊசி பற்றிக் கேட்டபோது, புகழ்பெற்ற ஆட்டக்காரரின் மகனாக வளர்ந்ததைப் பற்றி அவர் சுற்றி வளைத்துப் பேசினாராம், அந்தப் பதிலுக்காக. 30 நாள் வீட்டுக்காவல் தண்டனை. 2015 ஏப்ரலில் மேல்முறையீட்டு நீதிமன்றம் பத்துக்கு ஒன்று என்ற கணக்கில் அதையும் ரத்துசெய்தது. ஜூலையில் அரசு வழக்கைக் கைவிட்டது.

அதே ஆண்டு டிசம்பரில் மயாமி மார்லின்ஸ் அணி 51 வயது பாண்ட்ஸை வேலைக்கு எடுத்தது, 2016 சீசனுக்கு பேட்டிங் பயிற்சியாளராக. பெயர் அதே பெயர்தான், ஊக்கமருந்துப் பேச்சும் அப்படியேதான் இருந்தது. ஆனால் வழக்கு முடிந்திருந்தது, முழங்காலைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை, பயிற்சியாளருக்கு அந்த 25 இடங்களில் ஒன்றும் தேவையில்லை.